தோட்டப் பட்டணத்தில் மருந்து கொடுக்கும் வேலை

மருந்துச் சீட்டில் 1/12 என்றிருந்தால் ஒரு மாதம். 2/52 என்றால் இரண்டு வாரம். 5/7 என்றால் ஐந்து நாள். ஓடி என்பது தினம் ஒரு வேளை, பிடி இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஓஎன் இரவில் மட்டும், பிஆர்என் தேவைப்பட்டால் மட்டும். மருந்தக உதவியாளராகச் சேருபவர் முதல் வாரத்திலேயே இவற்றை மனப்பாடம் செய்துவிடுவார். அதற்குப் பிறகு கற்றுக்கொள்ள வேண்டியதுதான் அதிகம். காலை ஐந்தரைக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு)க் கிளம்பி, பத்து மணிக்குப் பசியாறி, மதியம் மூன்றுக்குச் சாப்பிடும் ஒருவருக்கு 'மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்' என்பது எந்த மூன்று வேளை? அதைக் கேட்டுத் தெரிந்து, சரியான மருந்தைச் சரியான ஆளின் கையில், அவருக்குப் புரியும்படி கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த வேலை.

எங்கெல்லாம் இந்த வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட், பாகான் செராய், கப்பார், பாடாங் செராய் போன்ற ஊர்களில் அரசாங்கக் கிளினிக்தான் முதல் இடம். அங்கே பதவிப் பெயர் பெனோலோங் பெகாவாய் பார்மாசி, அதாவது உதவி மருந்தக அதிகாரி. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்து மூன்றாண்டு டிப்ளோமா படித்தவர்கள். பெரிய மருத்துவமனையில் வெளிநோயாளர் கவுண்டர், வார்டு மருந்து, ஸ்டோர், புற்றுநோய் மருந்து கலக்கும் சுத்த அறை என்று வேலை பிரிந்து கிடக்கும். சிறு கிளினிக்கில் கவுண்டரும் ஸ்டோரும் குளிர்பெட்டியும் ஒரே அறைக்குள் அடங்கிவிடும். காலையில் மருந்து எண்ணுபவரே மதியத்துக்கு மேல் பெட்டி இறக்குவார்.

கடைத்தெருவில் உள்ள தனியார் பார்மசியில் டிப்ளோமா இல்லாமலும் உதவியாளர்கள் இருக்கிறார்கள். தனியார் டாக்டரின் கிளினிக்கிலும் மருந்து எடுத்துக் கட்டுபவர் ஒருவர் இருப்பார். மலேசியாவில் டாக்டர் தன் நோயாளிக்குத் தானே மருந்து கொடுக்கலாம் என்பதால், அந்தக் கவுண்டர் டாக்டரின் பொறுப்பில் நடக்கிறது. தோட்டத்துக்குள் இருக்கும் சிறு மருந்தகம் வேறு கதை. அங்கே டிரெசர் என்று எல்லாரும் அழைப்பவர், 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர். அவர் செய்வதை எல்லாம் பார்மசி உதவியாளரும் செய்யலாம் என்று மக்கள் நினைப்பார்கள். காயத்துக்குக் கட்டுப் போடச் சொல்வார்கள், ஊசி போடச் சொல்வார்கள். அது உங்கள் வேலை இல்லை.

கோடு எங்கே விழுகிறது

1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் மருந்துகளைப் பிரிவுகளாக வகுக்கிறது. கவுண்டரில் நிற்பவருக்குத் தினமும் தேவைப்படுவது பி, சி இரண்டும்தான். பி பிரிவு மருந்துக்கு டாக்டரின் சீட்டு வேண்டும். ஆன்டிபயாட்டிக், சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், கொழுப்பு மாத்திரை எல்லாம் இதில். சி பிரிவுக்குச் சீட்டு தேவையில்லை, ஆனால் பார்மசிஸ்ட் கொடுக்க வேண்டும், அல்லது அவர் நேரில் பார்த்துக்கொண்டிருக்கக் கொடுக்க வேண்டும். பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். மூக்கடைப்புக்கான சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரை இப்படித்தான். சாதாரணப் பாரசிட்டமால் எந்தப் பிரிவிலும் வராது.

தகராறு வருவது பார்மசிஸ்ட் மதியம் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில். "போன தடவ நீங்கதானே தம்பி கொடுத்தீங்க, இப்ப மட்டும் என்னா?" என்று தெரிந்த முகம் ஒன்று வந்து நிற்கும். அவர் கேட்பது பழைய அட்டையில் மீந்த அதே ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். சிறிய ஊரில் முகத்துக்காகக் கொடுத்துவிடும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். பார்மசிஸ்ட் வெளியே போனால் நச்சுப்பொருள் அலமாரியைப் பூட்டுவதும், "அண்ணே, பார்மசிஸ்ட் ரெண்டு மணிக்கு வந்திருவாரு, அவரு பாத்துட்டுத்தான் தரணும்" என்று ஒரே வாக்கியத்தை எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்வதும்தான் வழி. ஒருவருக்கு வளைந்தால் மாலைக்குள் லயம் (தொழிலாளர் வீட்டு வரிசை) முழுக்கத் தெரிந்துவிடும்.

அளவை மாற்றுவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று கொடுப்பது, நேரத்தைத் தள்ளி வைப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது, இவை நான்கும் உதவியாளரின் கையில் இல்லை. சந்தேகத்தைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. தீர்ப்பது பார்மசிஸ்ட்டின் வேலை. தேவைப்பட்டால் டாக்டருக்குப் போன் செய்வதும் அவரே.

சீட்டு கைக்கு வந்தபின்

முதலில் ஆள். "லெட்சுமி" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து வரும் ஊர் இது. பெயரோடு அடையாள அட்டை எண்ணையும் ஒத்துப் பாருங்கள். எண்ணின் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி என்பதால், சீட்டில் 65 வயது என்றிருக்க எதிரே நிற்பவர் முப்பதில் இருந்தால் அப்போதே பிடிபடும். மகள் அம்மாவுக்காக வந்திருந்தால், வாங்குபவர் வேறு, நோயாளி வேறு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கம் சொல்லும்போது இது தேவைப்படும். மருந்து ஒவ்வாமை உண்டா என்றும் கேளுங்கள். காட் ஆலாஹான் என்ற ஒவ்வாமை அட்டையைப் பலர் பர்சின் அடியில் வைத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள்.

பிறகு கணக்கு. மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், இரண்டு மாத்திரை, பிடி, 1/12. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் முப்பது, 120 மாத்திரை. பத்து மாத்திரை அட்டை என்றால் பன்னிரண்டு. இதை எழுதும் முன் அடுத்த முறை வரவேண்டிய தேதியைப் பாருங்கள். அது தீபாவளி விடுமுறையில் விழுந்தால் முப்பது நாள் மருந்து போதாது. வீட்டில் எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் கேளுங்கள். நிறைய மீதி என்றால், கழித்துக் கொடுப்பதற்கு முன் அது ஏன் மீந்தது என்று பார்மசிஸ்ட் தெரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுபவரிடம் மருந்து மலையாகச் சேராது.

எண்ணிக்கையே சில நேரம் எச்சரிக்கும். மெத்தோடிரெக்சேட் 2.5 மில்லிகிராம், நான்கு மாத்திரை, வாரம் ஒரு முறை என்றால் நான்கு வாரத்துக்குப் பதினாறு. கணக்கில் 112 வந்தால் யாரோ அதைத் தினசரி மருந்தாகப் படித்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டால் உயிர் போகும். இதன் லேபிளில் 'வாரம் ஒரு முறை' என்பதோடு நிறுத்தாமல் 'செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று கிழமையையும் எழுதுங்கள். தசமப் புள்ளி மங்கிப்போன சீட்டும் இதே இனம்தான். பிசோபுரோலோல் 2.5 என்பது 25 ஆகத் தெரியும். ஊகிக்காமல் கேளுங்கள்.

அலமாரியில் கை போகும் இடத்திலும் ஒரு பொறி இருக்கிறது. கார்பிமசோல் தைராய்டுக்கு, கார்பமாசெபின் வலிப்புக்கு. அம்லோடிபின் ரத்த அழுத்தத்துக்கு, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும். இந்த ஜோடிகளை அடுத்தடுத்து அடுக்காதீர்கள், அகர வரிசை அப்படித்தான் சொன்னாலும். ஒரே கம்பெனியின் பெட்டிகள் ஒரே நிறத்தில் வந்தாலும் இதே ஆபத்து. பெட்டியை எடுக்கும்போது ஒரு முறை, எண்ணும்போது ஒரு முறை, லேபிள் ஒட்டும்போது ஒரு முறை பெயரையும் அளவையும் படியுங்கள். கை பழகிவிட்டால் கண் படிப்பதை நிறுத்திவிடும். தவறு நடப்பது புது ஆளிடம் மட்டுமில்லை.

மாத்திரையைத் தட்டில் கொட்டி, கத்தி போன்ற அந்தத் தகட்டால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுங்கள், விரலால் அல்ல. பென்சிலின், சல்ஃபா மாத்திரைகளை எண்ணிய தட்டைத் துடைக்காமல் அடுத்த மருந்தைக் கொட்டாதீர்கள். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தத் தூளே போதும். அட்டையை வெட்டுவதாக இருந்தால், காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் அச்சிட்ட முனை கடைசிவரை அலமாரியில் மிஞ்ச வேண்டும். அந்த முனையை முதலில் வெட்டிக் கொடுத்துவிட்டால் மீதி அட்டை எப்போது காலாவதி ஆகும் என்று யாருக்கும் தெரியாது, குப்பைக்குத்தான் போகும்.

லேபிளில் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், சாப்பிடும் முறை, கொடுத்த தேதி, கொடுத்த இடத்தின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். நச்சுப்பொருள் பட்டியலில் உள்ளதாக இருந்தால் 'உபாட் தெர்காவால்' (கட்டுப்படுத்தப்பட்ட மருந்து) என்ற வாசகமும். ஒரு பைக்கு ஒரு மருந்து. எடுத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். இருவரும் சீட்டில் சுருக்கொப்பம் போட வேண்டும். ஆள் குறைவான நாளில் முதலில் பலியாவது இந்த இரண்டாவது ஜோடிக் கண்தான். வரிசை நீளமாக இருந்தாலும் அதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும்போது பேசுவது

லேபிள் மலாயில் இருக்கும். எதிரே நிற்கும் பாட்டிக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. சிலருக்குத் தமிழும் படிக்க வராது. சூரியன், நிலா படம் வரைந்து பக்கத்தில் எண்ணிக்கையைப் போடும் பழைய முறை இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது. பங்களாதேஷ், நேப்பாளத் தொழிலாளருக்கும் அதே படம் போதும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் தலை தானாக ஆடும். "அம்மா, வீட்டுக்குப் போயி இத எப்படிச் சாப்பிடுவீங்க, எனக்குச் சொல்லுங்க பாப்போம்" என்று கேளுங்கள். அவர் பையைத் திறந்து "வெள்ள மாத்திர காலையில, ரோசு ராத்திரிக்கி" என்று ஆரம்பித்தால், நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். சப்ளை மாறி மாத்திரையின் நிறம் மாறினால் அன்றே அதைத் திறந்து காட்டிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பழையதையும் புதியதையும் இரண்டு மருந்தென்று நினைத்து இரண்டையும் சாப்பிடுவார்.

வேலை நேரமும் மருந்தும் மோதும் இடங்களைத் தெரிந்து வைத்திருங்கள். செம்பனைக் காட்டுக்கு லாரியில் போகும் ஒருவர் காலையில் நீர் பிரிய வைக்கும் ஃபுருசமைடு சாப்பிட்டால் அடுத்த சில மணி நேரம் அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும். வழியில் நிறுத்த இடமில்லாததால் மாத்திரையையே விட்டுவிடுவார், டாக்டரிடமும் சொல்லமாட்டார். நேரத்தை மாற்றலாமா என்று பார்மசிஸ்ட்டிடம் கேட்டுச் சொன்னால் இது ஒரு நிமிடத்தில் தீரும். விரதமும் அப்படியே. வெள்ளிக்கிழமையோ தைப்பூசத்துக்கு முன்னோ ஒரு வேளை சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையான கிளிக்லசைடை மட்டும் விழுங்கினால் சர்க்கரை இறங்கும்: வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். விரதமே இருக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டார்கள்; விரத நாளுக்கு முன்பே வந்து கேட்கச் சொன்னால் கேட்பார்கள்.

மூட்டு வலிக்கு என்று பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜாமு என்ற நாட்டு மருந்து பற்றியும் கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்த இத்தகைய பொருள்கள் பல முறை பிடிபட்டிருக்கின்றன. வலி ஒரே நாளில் பறந்தது, முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரை ஏறியிருக்கிறது என்றால் சந்தேகம் வர வேண்டும். நீங்களாக "உடனே நிறுத்துங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினாலும் உடல் சாய்ந்துவிடும். பார்மசிஸ்ட்டையோ டாக்டரையோ அழையுங்கள். பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணையும் ஹோலோகிராம் ஒட்டியையும் பாருங்கள். எண்ணின் முடிவில் உள்ள எழுத்து 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'ஏ' நச்சுப்பொருள் அடங்கியது, 'எக்ஸ்' சீட்டில்லாமல் விற்பது. அச்சிட்ட எண்ணே போலியாக இருக்கலாம் என்பதால், மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையப் பட்டியலில் அந்த எண்ணைத் தட்டி, வரும் பெயரும் பெட்டியில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.

குழந்தை மருந்து கலப்பது

தூளாக வரும் ஆன்டிபயாட்டிக் சிரப்பில்தான் கை வேலை அதிகம். போத்தலைத் திறக்கும் முன் தட்டி, அடியில் ஒட்டிய தூளை உதிர்த்துவிடுங்கள். கொதிக்கவைத்து முழுக்க ஆறிய தண்ணீர் மட்டும். சூடான தண்ணீர் மருந்தையே கெடுக்கும். குறியில் பாதிக்குச் சற்று மேல் வரும் அளவு ஊற்றி, மூடி, கட்டி இல்லாமல் குலுக்குங்கள். நுரை அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு குறி வரை ஊற்றி மீண்டும் குலுக்குங்கள். நுரையின் மேல்மட்டத்தைக் குறி என்று நினைத்து நிறுத்தினால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். மொத்தத் தண்ணீரையும் ஒரே தடவையில் கொட்டினால் அடியில் கட்டி நிற்கும்; முதல் இரண்டு நாள் மருந்து நீர்த்தும் கடைசி நாள் மருந்து வீரியமாகவும் போய்ச்சேரும்.

பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு அமாக்சிசிலின் 250 மில்லிகிராம் மூன்று வேளை, ஐந்து நாள் என்று சீட்டு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள 60 மில்லி போத்தல். ஒரு வேளைக்கு 10 மில்லி, நாளுக்கு 30, மொத்தம் 150. மூன்று போத்தல் வேண்டும். கலந்த அமாக்சிசிலின் குளிர்பெட்டியில் பொதுவாகப் பதினான்கு நாள் தாங்கும். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்தது ஏழு நாள்தான். இரண்டுக்கும் பெட்டியில் அச்சிட்டதே முடிவு. வீட்டில் குளிர்பெட்டி இல்லையென்றால் பார்மசிஸ்ட்டிடம் சொல்லிவிட்டு, ஒரு போத்தலைக் கலந்து கொடுத்து, மற்ற இரண்டையும் தூளாகவே கொடுத்து அம்மாவின் கையாலேயே ஒரு முறை செய்துபார்க்கச் சொல்லலாம். கலந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். மூடியிலோ பெட்டியிலோ எழுதினால் அது முதல் நாளே காணாமல் போகும்.

காய்ச்சல் மருந்தில் பிழை வேறு மாதிரி. அதே குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் பாரசிட்டமால் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 உள்ள சிரப்பில் அது 7.5 மில்லி. வீட்டில் ஏற்கெனவே இருப்பது 5 மில்லியில் 250 உள்ளதாக இருந்தால் 3.6 மில்லி. அதிலிருந்து பழக்கத்தில் 7.5 ஊற்றினால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கு மேல். எனவே "வீட்ல என்ன மருந்து இருக்கு?" என்று கேட்காமல் காய்ச்சல் சிரப் கொடுக்காதீர்கள். வீட்டுக் கரண்டியால் அளக்க வேண்டாம். அளவுக் குவளையோ ஊசியில்லாத சிரிஞ்சோ கொடுத்து, கோடு எங்கே என்று பேனாவால் குறித்துக் காட்டுங்கள்.

காலிப் போத்தல் கேட்டு வருபவர்களும் உண்டு. மண்ணெண்ணெயோ களைக்கொல்லியோ ஊற்றிவைக்கத்தான். சிரப் லேபிள் ஒட்டிய போத்தலைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். கொடுக்காதீர்கள்.

இன்சுலின்

திறக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், உறையவைக்கும் தட்டின் பக்கம் போகாமல். உறைந்ததை உருக்கினாலும் பயனில்லை, வீசத்தான் வேண்டும். திறந்ததைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். துத்தநாகக் கூரை லயத்தில் மதியம் சூடு அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். ஒரு மண்சட்டிக்குள் இன்னொரு சிறு சட்டியை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, இன்சுலின் பேனாவை (மருந்து அடைத்த ஊசிக் கருவியை) உள்சட்டியில் நனையாமல் வைத்தால் போதும்.

கலங்கலான இன்சுலின் என்றால் உள்ளங்கைகளுக்கிடையே பத்து முறை உருட்டி, பத்து முறை மேலும் கீழும் சாய்க்கச் சொல்லுங்கள். வெண்மை சீராக வரவேண்டும். தெளிவானதற்கு இது தேவையில்லை. புது ஊசி மாட்டி, 2 யூனிட் வைத்து அழுத்தி நுனியில் துளி வருகிறதா பார்க்க வேண்டும். குத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை எடுக்கக் கூடாது. எடுத்தால் மருந்து வெளியே வழியும். ஊசியைப் பேனாவிலேயே விட்டுவைத்தால் காற்று உள்ளே போய் அளவு பிசகும். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி தட்டிய தோலில் மருந்து ஒழுங்காக இறங்காது. "அளவு ஏத்தியும் சர்க்கரை குறையல" என்பவரிடம் வயிற்றைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் போத்தலில் போட்டு மூடி கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லலாம்.

ஸ்டோரும் பதிவும்

குளிர்பெட்டி வெப்பநிலையை நாளுக்கு இரண்டு முறை எழுத வேண்டும், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் சேர்த்து. இரண்டு முறைக்கு நடுவே மின்சாரம் போய் வந்தது அதில்தான் தெரியும். மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள். யாருடைய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலமும் அதற்குள் வேண்டாம். முதலில் காலாவதி ஆவது முன்னால், புதியது பின்னால். காட் பெத்தாக் என்ற இருப்பு அட்டையில் எடுத்தவுடன் எழுதுங்கள். மாலையில் நினைவிலிருந்து எழுதிய கணக்கு என்றைக்கும் ஒத்துவராது. டயசெபாம் போன்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்குத் தனிப் பூட்டு, தனிப் பதிவேடு, பார்மசிஸ்ட்டோடு சேர்ந்து எண்ணிய மீதி. ஒரு மாத்திரை குறைந்தாலும் அன்றே சொல்லுங்கள், மறுநாள் சரியாகிவிடும் என்று காத்திராதீர்கள்.

தவறான மருந்து கவுண்டரைத் தாண்டும் முன் பிடிபட்டாலும் எழுதி வையுங்கள்: எந்த மருந்து, எதற்குப் பதில் எது, எத்தனை மணிக்கு, எத்தனை பேர் வரிசையில். சுகாதார அமைச்சுக்கு மருந்துப் பிழைகளைத் தெரிவிக்க எம்.இ.ஆர்.எஸ். என்ற முறை இருக்கிறது. வெளியே போய்விட்டது என்று தெரிந்தால் முதலில் நோயாளிக்குப் போன். எடுக்கவில்லையென்றால் தோட்ட அலுவலகக் கிராணிக்கோ (எழுத்தருக்கோ) டிரெசருக்கோ போன் போட்டு, மருந்தின் பெயரையோ நோயையோ சொல்லாமல், "இன்னைக்கு வாங்கின பைய திறக்காம கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.